கண்ணாடிக்குள் நிற்கும் சித்தப்பா

வண்ணத்தை விற்றாலும் எண்ணத்தை விற்காதவர், நம் தெரு வணிகர் சங்கத்தின் தலைமை நாற்காலியில் தாராளமாகச் சாய்ந்து அமர்ந்திருப்பவர், பெயின்ட் கடை ஐயா அவர்களே! கையில் மணியும் கண்ணில் கண்டிப்புமாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர், பூட்டுக்கடை அம்மா அவர்களே! முழங்கால் வலியை வீட்டில் விட்டுவிட்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற பாதி யோசனையோடு மீதிப் பாதியை எனக்குத் தந்திருக்கும் தாய்மார்களே! சுவருக்கு முட்டுக் கொடுப்பது போலப் பின்னால் சாய்ந்து நிற்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே! நாற்காலி கிடைத்தும் உட்காராமல் ஓடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே! எல்லாருக்கும் மேலாக, எனக்குப் பின்னால் இந்த வெள்ளைத் திரையில் திறந்த வாய் திறந்தபடியே உறைந்து நிற்கும் நிபுணர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான, படபடப்பான, பாதி பயந்த வணக்கம்!

சிரிக்காதீர்கள். அவர் பாவம். "இணையம் இன்று தூரத்தையெல்லாம் துடைத்து எறிந்துவிட்டது" என்று அழகாகத்தான் ஆரம்பித்தார். தூரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது; அவர்தான் அசையாமல் நின்றுவிட்டார். செயலாளர் அம்மா திரையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏய், ஸ்கூல்ல பேச்சுப் போட்டின்னா முதல் ஆளா நிப்பியே, ஏறு மேல!" என்றார். ஏறிவிட்டேன். நிபுணரின் தலைப்பு எனக்கு வந்துவிட்டது. அவருடைய குறிப்புகள் வரவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் பேச முடியும்.

தலைப்பு என்ன? 'ஊடாடும் இணையமும் இன்றைய வணிகமும்.' ஊடாடும் இணையம் என்றால் என்ன? அழைப்பிதழில் பார்த்த அன்றே நானும் அகராதியைப் புரட்டினேன். அகராதி நிறையச் சொன்னது, எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. கடையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது. முன்பெல்லாம் இணையப் பக்கம் என்பது சுவரில் ஒட்டிய சுவரொட்டி மாதிரி. நாம் அதைப் பார்க்கலாம். அது நம்மைப் பார்க்காது. நாம் அதைக் கேட்கலாம். அது பதில் சொல்லாது. இன்றைக்கு அப்படியா? விரலால் தள்ளினால் நாற்காலி தன்னைத் தானே சுற்றிக் காட்டுகிறது. கேமராவைக் கீழே காட்டினால் கடைச் செருப்பு நம் காலில் வந்து ஏறிக்கொள்கிறது. சந்தேகம் கேட்டால் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி துள்ளி எழுந்து பதில் சொல்கிறது. நேரலையில் "அந்தப் பக்கம் திருப்புங்க" என்று நாம் எழுதினால், எங்கோ இருக்கும் கடைக்காரர் அந்தப் பக்கம் திருப்புகிறார். சுருங்கச் சொன்னால், சுவரொட்டிக்கு வாய் முளைத்துவிட்டது! ஆனால் பெரியோர்களே, வாய் முளைத்தால் போதுமா? காது முளைக்க வேண்டாமா? அதைத்தான் பேசப் போகிறேன்.

பொதுக் காரியம் பேசத்தான் ஏற்றிவிட்டீர்கள். ஆனால் எனக்கு இதில் சொந்தக் காரியமும் இருக்கிறது. அதை மூடி மறைப்பானேன்? தெருக்கோடியில் முகம் பார்க்கும் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என் சித்தி. அதோ, மூன்றாவது வரிசையில், "வேண்டாம், சொல்லாதே" என்று கண்ணாலேயே கெஞ்சுகிறாரே, அவர்தான். அந்தக் கடை அறை நம் தலைவர் ஐயாவுக்குச் சொந்தம். போன வாரம் ஐயா கடைக்கு வந்தார். நான் அங்கேதான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா தங்கச்சி, இப்பல்லாம் நீ ஆன்லைன்லதானே விக்கிற?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"அப்புறம் கடை எதுக்கு? வீட்டுல காலை நீட்டி உக்காந்துக்கிட்டே விக்கலாமே! எனக்கு டின் அடுக்க இடமில்ல. பாத்ரூம்ல அடுக்கி வெச்சிருக்கேன். குளிக்கப் போனா ப்ரைமர் டின்தான் 'வாங்க வாங்க'ங்குது. சங்கக் கூட்டம் முடியட்டும், ஒரு முடிவு சொல்லிடறேன்."

ஐயா, நெளியாதீர்கள், நாற்காலி பழசு. நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. நியாயமான கேள்வி! இந்தத் தெருவில் யாருக்கும் தோன்றக்கூடிய கேள்வி! ஆனால் சித்தியின் வீட்டில் ஓர் ஆள் படுத்தால் இன்னொருவர் சுவரைக் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆளுயரக் கண்ணாடியை எங்கே கிடத்தி அறுப்பது? அறை போனால் கடை போகும். கடை போனால் சித்தியும் சித்தப்பாவும் தொலைவில் ஏதாவது ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் யாருக்கோ சம்பளத்துக்கு அறுக்கப் போக வேண்டும். ஐயாவின் கேள்விக்குச் சித்தி அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. அவருக்குக் கண்ணாடி அறுக்க வரும், பேச வராது. எனக்குப் பேச வரும், வேறொன்றும் வராது. ஆகவே இந்தப் பேச்சுதான் அந்தப் பதில்!

சித்தியின் கடைக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணாடி பார்க்க வருகிறவரை அவர் பார்க்க மாட்டார். கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்து வைப்பார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைப்பார்.

"ஏன் சித்தி, வந்தவங்கள கவனிக்க வேணாமா?" என்று கேட்டேன்.

"தன் மூஞ்சிய தான் பாக்கறப்போ பக்கத்துல ஆளிருந்தா யாருக்கும் கூச்சமா இருக்கும் கண்ணு. பல்லப் பாப்பாங்க, நரையப் பாப்பாங்க, வயித்த உள்ள இழுத்துப் பாப்பாங்க. நாம பாத்தா ஓடிடுவாங்க. பாக்காம இருக்கறதுதான் கவனிப்பு."

எவ்வளவு நுட்பமான வணிகம், பாருங்கள்! ஆனால் காலம் மாறியது. வருகிறவர்கள் வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, போன்ல பாத்து வாங்கிக்கறோம்" என்று வயிற்றை வெளியே விட்டபடி போனார்கள். சித்தி மேசையைத் துடைத்துத் துடைத்து மேசை தேய்ந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் எங்கள் வாழ்க்கையில் வந்தார் அப்டேட் அண்ணன். அண்ணா, தூணுக்குப் பின்னால் ஒளியாதீர்கள், உங்கள் தலைமுடி வெளியே தெரிகிறது. அவர் கடைகளுக்கு இணையப் பக்கம் கட்டிக் கொடுப்பவர். எது கெட்டுப்போனாலும் "அடுத்த அப்டேட்ல சரியாயிடும்" என்பார். அதனால் தெரு வைத்த பெயர் அது. "அக்கா, ஒவ்வொரு கண்ணாடியையும் போட்டோ எடுத்துக் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

போட்டோ எடுக்கும் பொறுப்பு சித்தப்பாவுக்கு. என் சித்தப்பா கூச்ச சுபாவம் உள்ளவர். கடைக்கு ஆள் வந்தால் சித்தி முகத்தைத் திருப்புவார். சித்தப்பா உடம்பையே திருப்பிக் கொல்லைப்புறம் போய்விடுவார். அப்படிப்பட்டவர் கையில் போனைக் கொடுத்து, கண்ணாடியைப் படம் எடுக்கச் சொன்னோம். தாய்மார்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். செருப்பைப் படம் எடுத்தால் படத்தில் செருப்பு வரும். சட்டியைப் படம் எடுத்தால் சட்டி வரும். கண்ணாடியைப் படம் எடுத்தால் யார் வருவார்?

ஆமாம்! சரியாகச் சொன்னீர்கள்! எடுக்கிறவர்தான் வருவார்!

முதல் படத்தில் போனைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கும் சித்தப்பா. சரியென்று குனிந்து எடுத்தார். சித்தப்பாவின் உச்சந்தலை வந்தது. பக்கவாட்டில் நின்று எடுத்தார். ஓடாத மின்விசிறி வந்தது. போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நான் தண்ணீர் குடித்தேன்.

சித்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, நேரா நில்லுங்க. போன நெஞ்சுக்கு நேரா புடிங்க. மூஞ்சிய மட்டும் கொஞ்சம் மனுஷன் மாதிரி வெச்சுக்குங்க" என்றார். நின்றார். கடையில் எட்டி நிற்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. பின்னால் சுவர், முன்னால் கண்ணாடி. அந்த ஓரிடத்திலேயே நின்று எல்லாக் கண்ணாடியையும் எடுத்து முடித்தார்.

அப்டேட் அண்ணன் படங்களைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, இப்படியே போட்டா யாரும் வாங்க மாட்டாங்க." கண்ணாடிக்குள் இருந்த சித்தப்பாவை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, நீல வானமும் வெண்மேகமும் வைத்தார். அழகோ அழகு! சட்டத்துக்குள் சொர்க்கம்! ஆர்டர் வந்தது. சித்தி அறுத்தார், சித்தப்பா அட்டை சுற்றிக் கட்டினார், பார்சல் வண்டி வந்தது, கண்ணாடி போனது. போன கண்ணாடி திரும்பி வந்தது!

"ஆளுயரத்துக்கு இருக்கும்னு நெனச்சேன். வந்திருக்கறது ஒரு சாண் அளவுதான்" என்றார் போனில் ஓர் அம்மா.

"அளவு கீழயே போட்டிருந்துதேம்மா."

"போட்டிருந்துது, நானும் படிச்சேன். ஆனா வானத்துக்கு ஏதுங்க அளவு? மேகம் பெரிசாத்தானே இருந்துது!"

சொல்லுங்கள், அவர் மேல் தப்பா? எண்ணைப் படிக்கிறோம், ஆனால் எண் சுவரில் தொங்குமா? திரும்பி வருகிற கண்ணாடி முழுசாகவாவது வருமா? போகும்போது ஒரு கண்ணாடி. வரும்போது நூறு கண்ணாடி. பெட்டியைத் தூக்கினாலே கலகலவென்று சத்தம். சித்தப்பா காதைப் பொத்திக்கொள்வார். விற்க விற்க நட்டம் வருகிற விசித்திரத்தை அந்தக் கடையில்தான் பார்த்தேன். தலைவர் ஐயா அறையைக் கேட்டு வருவதற்கு வெகு நாள் முன்பே, சித்தி அதைத் தானாகவே கொடுத்துவிடலாமா என்று யோசித்தார். இது ஐயாவுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள் சித்தி.

மணி அடித்துவிட்டதா? அம்மா, நிபுணருடைய நேரத்திலிருந்து கொஞ்சம் எனக்குக் கொடுங்கள். அவர் இப்போது செலவழிக்கவில்லை.

இதற்கு அப்டேட் அண்ணன் கண்ட மருந்துதான் ஊடாடும் இணையம். "அக்கா, இனிமே வாங்கறவங்க போன் கேமராவ அவங்க வீட்டுச் சுவத்துப் பக்கம் காட்டினா போதும். நம்ம கண்ணாடி அங்க மாட்டின மாதிரியே தெரியும். சரியா இருக்கான்னு பாத்துட்டு வாங்கலாம். ஓரத்துல கேள்வி கேக்க ஒரு பெட்டியும் வெச்சிருக்கேன், அது தானே பதில் சொல்லும்." அருமையான யோசனை! ஆனால் அண்ணன் அவசரத்தில் ஒரு தவறு செய்தார். உலகத்தில் செருப்பு விற்கிறவர் செய்ய முடியாத தவறு, சட்டி விற்கிறவர் செய்ய முடியாத தவறு, கண்ணாடி விற்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வானம் வைத்த படங்களுக்குப் பதிலாக, சித்தப்பா நிற்கும் பழைய படங்களை ஏற்றிவிட்டார்!

விளைவு என்ன? எங்கோ ஓர் ஊரில், எங்கோ ஒரு வீட்டில், ஓர் அம்மா படுக்கையறைச் சுவரைக் கேமராவில் காட்டுகிறார். அழகான சட்டத்தோடு கண்ணாடி தெரிகிறது. அதற்குள்ளே ஒரு மனிதர், கண் சிமிட்டாமல், அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த அம்மா ஓரப் பெட்டியில் எழுதினார்: "என் பெட்ரூம் சுவத்துல ஒரு ஆள் நிக்கறாரு!"

தானே பதில் சொல்லும் பெட்டி தயங்கவே இல்லை. "மிக்க மகிழ்ச்சி! இதே போல் இன்னொன்றும் வேண்டுமா?"

"என்னது இன்னொண்ணா? யாருய்யா இந்த ஆள்?"

"தங்கள் தேர்வு மிகச் சிறந்தது! தற்போது கையிருப்பில் உள்ளது."

ஐயோ, சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! அன்றைக்கு நாங்கள் சிரிக்கவில்லை. நான்தான் முதலில் அதைப் பார்த்தேன். "சித்தி!" என்று அலறினேன். சித்தி கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார், படித்தார், அப்டேட் அண்ணனைக் கடைக்கே வரவழைத்தார். "அடுத்த அப்டேட்ல..." என்று அவர் ஆரம்பிக்கும் முன்பே, "மொதல்ல அந்த வாயாடிப் பெட்டிய நிறுத்துப்பா!" என்றார். நிறுத்தினார். அப்புறம் சித்தி, வாழ்க்கையிலேயே முதல் முறையாக, வாடிக்கையாளரோடு தானே எழுத உட்கார்ந்தார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி:

"மன்னிச்சுக்கம்மா. அது என் வீட்டுக்காரர். நல்ல மனுஷன்."

பதில் வந்தது: "நல்ல மனுஷன்னா சரி. கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க."

சித்தி பெருமூச்சு விட்டார். அதற்குள் இன்னொரு வரி வந்தது. அந்த வரியை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்: "ஆனா ஒண்ணு கேக்கணும். இதுல அவர் கழுத்து வரைக்கும்தான் தெரியறாரு. எனக்கு டிரெஸ் முழுசும் தெரியணும். அவர் செருப்பு வரைக்கும் தெரியற கண்ணாடி இருக்கா?"

பெரியோர்களே! சித்தி அப்டேட் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கொல்லைப்புறத்தைப் பார்த்தார். சென்டிமீட்டர் சொல்லாததை, மேகம் சொல்லாததை, ஒரு மனிதர் சும்மா நின்றே சொல்லிவிட்டார்! ஒரே இடத்தில் நின்று எடுத்ததால், முகம் மட்டும் தெரிந்தால் சின்னக் கண்ணாடி. இடுப்பு வரை தெரிந்தால் நடுத்தரம். செருப்பு வரை தெரிந்தால் பெரிசு. இதை நாங்களா கண்டுபிடித்தோம்? நிபுணரா கண்டுபிடித்தார்? இல்லை. வாங்க வந்தவர் கண்டுபிடித்தார். வாங்க வந்தவர் பேச வழி இருந்ததால் கண்டுபிடித்தார்! பேசியதைக் கேட்க ஆள் இருந்ததால் அது எங்களுக்குக் கிடைத்தது!

அந்தப் படங்களை நீக்கிவிடலாமா வேண்டாமா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். சித்தப்பா சோற்றில் கை வைக்கவில்லை.

"ஊர்பட்ட பேர் என் மூஞ்சியப் பாக்கறாங்களேம்மா. வெளிய தல காட்ட முடியல என்னால."

"வெளிய யாரு காட்டச் சொன்னா? உள்ள காட்டினா போதும்" என்றார் சித்தி.

"கிண்டல் பண்றியா?"

"இல்லீங்க. நான் இத்தன வருஷமா யார் மூஞ்சியையும் பாக்காம வித்தேன். உங்க மூஞ்சியப் பாத்துத்தான் வாங்கறாங்க. கொஞ்ச நாள் நில்லுங்களேன்."

மறுநாள் காலையில் பார்த்தால், சித்தப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, அந்த இடத்தில் போய் நின்றார். "எல்லாத்தையும் மறுபடி எடுக்கலாம். அந்த அம்மா சிரிக்கச் சொன்னாங்களே" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வாங்குகிறவர்கள் தாங்களாகவே பெயர் வைத்தார்கள். "ஒரு மூஞ்சி மாமா அனுப்புங்க." "கல்லூரி விடுதி ரூமுக்கு இடுப்பு மாமா சரியா வருவாரா?" "செருப்பு மாமா கறுப்புச் சட்டத்துல உண்டா?" கண்ணாடியை மறந்துவிட்டு மாமாவை வாங்கினார்கள்! ஆனால் வாங்கிய மாமாவைத் திருப்பி அனுப்பவில்லை. கலகலவென்ற பெட்டிச் சத்தம் குறைந்தது, குறைந்து குறைந்து நின்றே போனது. சித்தப்பா காதைப் பொத்துவதை விட்டுவிட்டார்.

நேரலை விற்பனையும் தொடங்கினோம். சித்தி கேமராவுக்கு முன்னால் கண்ணாடியைச் சாய்த்து வைத்தார். வைத்ததும் பழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்த்தவர்களுக்குச் சித்தியின் ஒரு காது மட்டும்தான் தெரிந்தது. "அக்கா, இந்தப் பக்கம் பாருங்க!" என்று வரிசையாக எழுதினார்கள். நான் படித்துச் சொன்னேன்.

சித்தி காதைக் காட்டியபடியே சொன்னார்: "கண்ணாடி பாக்கறவங்கள நான் பாக்க மாட்டேங்க. நீங்க நிதானமாப் பாருங்க. வேணுங்கறதக் கேளுங்க, திருப்பிக் காட்டறேன்."

அவ்வளவுதான். அடுத்த நேரலைக்குக் கூட்டம் இன்னும் பெருகியது. பெரிய பெரிய விற்பனைத் தளங்களில் என்ன நடக்கிறது? நாம் ஒரு சீப்பைப் பார்த்துவிட்டால் போதும், அந்தச் சீப்பு நாள் முழுக்க நம்மைத் துரத்துகிறது. செய்தி படித்தால் சீப்பு, பாட்டுக் கேட்டால் சீப்பு. வழுக்கைத் தலைக்காரரையும் விடுவதில்லை. அப்படித் துரத்துவதற்குப் பெயர் உறவாடலா? முறைத்துப் பார்ப்பதற்குப் பெயர் கவனிப்பா? சித்தி யாரையும் துரத்தவில்லை. கேட்டால் சொன்னார், கேட்காவிட்டால் மேசையைத் துடைத்தார். அந்தக் காதைத் தேடித்தான் ஜனங்கள் வந்தார்கள்!

இனிமேல்தான் தலைவர் ஐயா கவனமாகக் கேட்க வேண்டும். ஐயா, தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி பார்த்தவர்கள் கண்ணாடியோடு நின்றார்களா? கண்ணாடிக்குள் தெரிந்ததையெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். "மாமா சட்டை எங்க வாங்கினது?" "மாமா பக்கத்துல இருக்கற ஸ்டூல் விலைக்குக் கிடைக்குமா?" இதையெல்லாம் விட அதிகமாக வந்த கேள்வி ஒன்று உண்டு. "மாமாவுக்குப் பின்னாடி இருக்கற சுவத்துப் பச்சை என்ன பச்சை? எங்க கிடைக்கும்?" சித்தி எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் எழுதினார்: "எங்க தெருப் பெயின்ட் கடை ஐயா அடிச்சுக் குடுத்ததுங்க. அவர் நம்பர் தரேன், கேட்டுப் பாருங்க."

ஐயா, உங்கள் கடைக்கு இந்த மாதமெல்லாம் விநோதமான போன்கள் வருகின்றனவாமே? நீங்களே டீக்கடையில் சொன்னீர்கள், தெருவே கேட்டுச் சிரித்தது. "எவனோ போன் போட்டு, 'கண்ணாடி மாமாவுக்குப் பின்னாடி இருக்கற பச்சை இருக்கா'ங்கறான். 'இது பெயின்ட் கடைய்யா, இங்க கண்ணாடியும் இல்ல, மாமாவும் இல்ல, வைடா போன'ன்னு வெச்சுட்டேன்" என்றீர்கள். எத்தனை பேரை இப்படி வைத்தீர்கள் ஐயா? அவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பச்சையில் வீடு முழுக்க அடிக்கக் காத்திருப்பவர்கள்! உங்கள் அறையின் சுவர், உங்கள் கடையின் நிறம், ஊர் ஊராக, வீடு வீடாக, சுவர் சுவராகப் போய் உங்களுக்காக வாடிக்கையாளரைக் கூட்டி வந்தது. வந்தவர்களை நீங்கள் "வைடா போன" என்று வழியனுப்பி வைத்தீர்கள்!

கை தட்டாதீர்கள், ஐயாவுக்கு யோசிக்க அமைதி வேண்டும்.

"ஆன்லைன்ல விக்கறதுக்குக் கடை எதுக்கு?" என்று கேட்டீர்கள். இதோ என் பதில். இணையத்துக்குப் போவது என்றால் கடையைப் பூட்டிவிட்டுப் போவதா? இல்லை, கடையையே கூட்டிக்கொண்டு போவது! வெட்டி ஒட்டிய வானத்தை யார் கேட்டார்கள்? வெண்மேகத்தை யார் விரும்பினார்கள்? அவர்கள் விரும்பியது நிஜமான அறையை, நிஜமான சுவரை, நிஜமாக ஒருவர் நிற்கும் இடத்தை. தொழில்நுட்பம் என்ன செய்தது? தெருக்கோடி அறைக்கு ஆயிரம் வாசல் வைத்தது. வாசல் வைத்தால் போதுமா? உள்ளே ஆள் இருக்க வேண்டாமா? கேட்டால் பதில் சொல்ல ஒரு குரல் வேண்டாமா? திருப்பிக் காட்ட ஒரு கை வேண்டாமா? அறை இல்லாமல் அந்தக் கண்ணாடி எதைக் காட்டும்? ஐயா, அந்த அறையில் நீங்கள் டின் அடுக்கினால், டின்னுக்குப் பின்னால் மறையப்போவது சித்தியின் சுவர் இல்லை. உங்கள் சுவர்! உங்கள் பச்சை!

ஐயா ஏதோ சொல்கிறார். ஒலிபெருக்கி எட்டவில்லை, நானே திருப்பிச் சொல்கிறேன். "அந்தப் பச்சை நானே கலந்ததாச்சே, இப்பவும் வெளுக்காம இருக்கா?" என்று கேட்கிறார். இருக்கிறது ஐயா! சித்தி வாரம் தவறாமல் துடைக்கிறார். அவருக்குத் துடைப்பதற்குச் சொல்லியா தர வேண்டும்?

இன்னும் சொல்கிறார், கொஞ்சம் அமைதியாக இருங்கள். "அப்போ அந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது. டின்ன நான் எங்கயாவது அடுக்கிக்கறேன். தங்கச்சி, அறை உனக்குத்தான், எடுத்துக்கோ." கேட்டீர்களா? எல்லாரும் கேட்டீர்களா? செயலாளர் அம்மா, இதைக் கூட்டக் குறிப்பில் இப்போதே எழுதுங்கள், மை காய்வதற்குள் ஐயா மனம் மாறிவிடப் போகிறார்! சித்தி, நிமிர்ந்து உட்காருங்கள். இத்தனை பேர் பார்க்கிறார்கள், இன்றைக்கு ஒரு நாள் முகத்தைத் திருப்ப வேண்டாம்.

என்ன ஐயா? நிபந்தனையா? "ஆனா ஒண்ணு. அடுத்த தடவை போட்டோ எடுக்கறப்போ மாமாவுக்குப் பதிலா அந்த எடத்துல நான் நிப்பேன்" என்கிறார். ஐயாவின் ஆசை நியாயமானதுதான். ஆனால் அதை நான் எப்படி முடிவு செய்வது? அது சித்தப்பா... சித்தப்பா எழுந்து நிற்கிறார்! கூட்டத்துக்கு நடுவில், இத்தனை பேருக்கு முன்னால், கொல்லைப்புறம் எங்கே என்று தேடாமல், என் சித்தப்பா எழுந்து நிற்கிறார்! பேசப் போகிறார், உஸ்ஸ்!

"அந்த எடம் காலி இல்லீங்க ஐயா."

இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? வாய்ப்பளித்த சங்கத்துக்கும், வாய் விட்டுச் சிரித்த தாய்மார்களுக்கும், மணியைக் கையில் வைத்துக்கொண்டே மறுபடி அடிக்க மறந்த செயலாளர் அம்மாவுக்கும், மனம் மாறிய தலைவர் ஐயாவுக்கும், திரையில் உறைந்து நின்று எனக்கு மேடை தந்த நிபுணருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. ஐயா, உங்கள் போன் அடிக்கிறது. தயவுசெய்து எடுத்துப் பேசுங்கள். உங்கள் எல்லாருக்கும் என் அன்பு வணக்கம்!